கடைசி பெஞ்சில் உயர்ந்த கை

ஆறு வரி சார் என்றால் கல்லூரி வாசல் காவலாளிக்கும் தெரியும். ஒரு ஸ்லைடில் ஆறு வரிக்கு மேல் போனால் மதிப்பெண்ணில் கை வைப்பார் என்பதால் மாணவர்கள் வைத்த பெயர் அது. முதல்முறை காதில் விழுந்தபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்ல பேருதான். சின்னதா இருக்கு, தூரத்துல இருந்தும் படிக்கலாம்" என்று வகுப்பிலேயே சொல்லிவிட்டார்.

அவர் நடத்தியது யாரும் பெரிதாக மதிக்காத பாடம். இறுதியாண்டு மாணவர்கள் தங்கள் ப்ராஜெக்டை நாலு பேர் முன்னால் எப்படி எடுத்துச் சொல்வது, அதற்கு ஸ்லைடு எப்படித் தயாரிப்பது, அவ்வளவுதான். ஆசிரியர் அறையில் அவருக்கென்று மேசை கிடையாது. அன்றைக்கு யார் விடுப்போ அவர் மேசையில் உட்கார்ந்துகொள்வார். வேலையும் அந்த மாதிரிதான். பதினொரு மாதத்துக்கு ஓர் ஆர்டர், ஒரு மாதம் வீட்டில், பிறகு மறுபடியும் "இந்தக் கல்வியாண்டுக்கு மட்டும்" என்று இன்னோர் ஆர்டர். மகளுக்குப் பால்பல் விழுந்த வருஷம் சேர்ந்தவர். இப்போது அவள் அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறாள், அளவு சரியாக இருக்கிறது. ஆர்டரில் இருந்த அந்த "மட்டும்" மட்டும் போகவில்லை.

மனைவியின் அண்ணன் வீட்டுக்கு வந்தால் நாற்காலியை இழுக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். "என்ன மாப்ளே, இந்த வருஷமாவது பழுக்குமா, இல்ல பிஞ்சாவே தொங்குமா?"

மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். "ஊசி குத்தறது என் வேலைன்னு நினைச்சேன். உனக்கும் அதே வேலைதானாண்ணா?" என்று சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள். அண்ணன் சிரிப்பார். ஆறு வரி சாரும் சிரிப்பார். ஆனால் அன்று இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்ள மாட்டார்.

இளமையில் அவர் ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. கழுத்தில் டையும் கையில் பையுமாக டாக்டர்களின் வாசலில் காத்திருக்கும் வேலை. நோயாளி ஒருவர் வெளியே வந்து அடுத்தவர் உள்ளே போவதற்குள் கிடைக்கும் இடைவெளிதான் அவருக்கு. நின்றபடியே அட்டையை விரித்துக் காட்ட வேண்டும். கம்பெனி அடித்துக் கொடுத்த அட்டையில் எறும்புக் கூட்டம்போல் எழுத்து. டாக்டர்கள் அதைப் பார்ப்பார்கள், படிக்க மாட்டார்கள். ஒருநாள் அவர் வெள்ளைத் தாளை வெட்டி, ஒரே ஒரு வரியை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றின் மேலும் ஒட்டினார். அன்று ஒரு டாக்டர் அந்த வரியை வாய்விட்டுப் படித்துவிட்டு, "இது குழந்தைங்களுக்குக் குடுக்கலாமா?" என்று கேட்டார். கம்பெனி மேலாளருக்கு விஷயம் தெரிந்ததும், கம்பெனிப் பொருளைச் சேதப்படுத்தினார் என்று எழுத்தில் விளக்கம் கேட்டார். பார்க்கிறவனுக்கு நேரம் இல்லை, அது அவன் குற்றமும் இல்லை என்ற பாடத்தை அவர் அங்கே கற்றுக்கொண்டார். தபால் வழியில் மேற்படிப்பு முடித்துக் கல்லூரிக்கு வந்தபோது அவர் கையில் இருந்த சொத்து அது ஒன்றுதான்.

வகுப்பில் மாணவர்கள் அவரிடம் படும் பாடு தனிக் கதை. தலைப்பில் "மழை" என்று போட்டிருந்தால், "மழைக்கு என்னப்பா? வந்துச்சா, வரலியா? அத சொல்லு" என்பார். "மழை குறைந்ததால் கிணறுகள் வற்றின" என்று முழு வாக்கியமாகத் தலைப்பு வரும்வரை விடமாட்டார். எட்டுத் துண்டாகப் பிரித்த வட்டப் படம் வந்தால், "யாரு பொறந்தநாளு? கேக்கு வெட்டி வெச்சிருக்க. எது பெருசு எது சின்னதுன்னு எனக்குத் தெரிய வேணாமா? பட்டை பட்டையா நிக்க வை" என்பார். எழுத்துகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து உட்கார்ந்தால், "கொசுவாடா அது? அடிச்சு விரட்டு" என்பார். கடைசியில் அருவிப் படம் போட்டு "நன்றி" என்று எழுதினால் அதற்கும் விடமாட்டார். "நன்றிய வாயால சொல்லு. கேள்வி கேக்கறவங்க கண்ணு முன்னால உன் முடிவு நிக்கட்டும்."

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் வணக்கம்கூடச் சொல்லாமல் உள்ளே வருவார். வெள்ளைத் திரையில் வெளிர்மஞ்சள் எழுத்தில், விளிம்பு முதல் விளிம்பு வரை அடைத்த ஒரு ஸ்லைடைப் போடுவார். வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதை ஒரே ராகத்தில் படிப்பார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சிலர் தூங்கிவிடுவார்கள். யாராவது ஒருவர் கடைசி பெஞ்சிலிருந்து கை தூக்கி, "சார், தெரியல" என்று சொல்லும்வரை நிறுத்த மாட்டார். சில வருஷம் மணி அடிக்கும் நேரம் ஆகிவிடும். கை எழுந்ததும் திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக அடுத்த ஸ்லைடைத் தட்டுவார். அதில் மூன்றே சொல் பெரிதாக நிற்கும்: "தெரியவில்லையா? கை தூக்கு."

அன்றிலிருந்து அது சட்டம். யார் பேசினாலும் கடைசி பெஞ்சுக்கு எழுத்து தெரியவில்லை என்றால் கை எழ வேண்டும். பேசுபவர் நிறுத்தி, திரையைப் பார்க்காமல் சொந்த வார்த்தையில் சொல்லித் தெளிவாக்க வேண்டும். அதுவரை கையை இறக்கக் கூடாது. தெரியாமலேயே சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கும் மதிப்பெண் குறையும். "கண்ணுக்குத் தெரியலன்னா அது உன் தப்பில்ல. தெரியாமலே தலையாட்டினா அது உன் தப்பு" என்பார்.

அந்த வருஷத்து வகுப்பில் "மைக்" என்று ஒரு பெண் இருந்தாள். அவள் பேசினால் அடுத்த கட்டிடத்தில் பாடம் நின்றுவிடும் என்று நண்பர்கள் வைத்த பெயர். முதல் வகுப்பில் அவர் மஞ்சள் ஸ்லைடின் இரண்டாவது வரியைத் தொடுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சார், இத உங்களுக்குப் படிச்சுக்கறீங்களா, எங்களுக்குப் படிக்கறீங்களா?"

வகுப்பு சிரித்தது. அவ்வளவு சீக்கிரம் எந்த வருஷமும் கை எழுந்ததில்லை. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம், "ஒரு பொண்ணு வந்திருக்கா, என் வேலைய பாதியா குறைச்சிடுவா போல" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

அந்த வருஷம்தான் அவர் பார்த்துவந்த வேலை நிரந்தரப் பதவியாகிறது என்று அறிவிப்பு வந்தது. வந்த மனுக்களில் இரண்டு பேரைத் தேர்ந்து அழைத்தார்கள். ஒருவர் இவர், இன்னொருவர் வெளியூர்க்காரர். தேர்வுக் குழு முன்னால், மாணவர்களை உட்காரவைத்து, கால் மணி நேரம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். தலைப்பைக் குழுவே கொடுத்தது: தெளிவான ஸ்லைடு தயாரிப்பது எப்படி. அறிவிப்பைப் படித்த மனைவி, "மீனுக்கு நீச்சல் பரீட்சையா?" என்றாள். வீட்டில் பல நாள் கழித்துச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஸ்லைடுகளின் அச்சுப் பிரதியை முன்கூட்டியே அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கொடுத்துவிட்டுப் படி இறங்குவதற்குள் தலைமை எழுத்தர் கூப்பிட்டார். பல தேர்வுக் குழுக்களைப் பார்த்த மனிதர். இவர் மேல் உள்ளபடியே அன்பு உண்டு.

"சார், என்ன இது, வெறும் பேப்பரா இருக்கு? மிஷின்ல மை தீந்துடுச்சோன்னு பாத்தேன்."

"அது ஸ்லைடுங்க. மீதிய நான் பேசுவேன்ல?"

"நீங்க பேசறது ஃபைல்ல ஏறுமா? குழு திரைய பாக்காது சார், மடியில இருக்கற பேப்பரத்தான் பாக்கும். மார்க் தாள்ல 'உள்ளடக்கம்'னு ஒரு கட்டம் இருக்கு. கணக்குத் துறைக்கு வந்த ஒருத்தர் உங்கள மாதிரியே பளிச்சுனு வெச்சிருந்தாரு. அந்தக் கட்டத்துல முட்டைய போட்டு அனுப்பிட்டாங்க. நாளைக்குள்ள வேற குடுங்க. இது என் கைக்கே வரலன்னு வெச்சுக்கறேன்."

வீட்டில் சொன்னபோது மனைவி அந்தத் தாள்களை வாங்கிப் புரட்டினாள். பிறகு சொன்னாள்: "இந்த ஒரு தடவ அவங்க கேக்கறத குடுங்களேன். வேலை கைக்கு வந்தப்புறம் உங்க இஷ்டத்துக்கு ஒரே ஒரு எழுத்து போட்டு நடத்துங்க, யாரு கேக்கப்போறா?"

"பசங்கள்லாம் உக்காந்திருப்பாங்களே."

"பசங்களா ஆர்டர்ல கையெழுத்து போடறாங்க?" என்றவள், குரலைத் தணித்துக்கொண்டாள். "தோத்துட்டு வந்தா எங்கண்ணன் என்ன சொல்வாருன்னு எனக்குக் கவலை இல்லங்க. அவரு எப்பவும் சொல்றதுதான். நீங்க ஒண்ணுமே சொல்லாம உக்காந்திருப்பீங்க பாருங்க, அதுதான் பயமா இருக்கு."

அவர் உட்கார்ந்து ஸ்லைடுகளை எழுத்தால் அடைத்தார். வரையறை, வகைகள், நன்மைகள், குறைபாடுகள், மேற்கோள்கள். ஒரு ஸ்லைடில் ஏன் ஆறு வரிக்கு மேல் இருக்கக் கூடாது என்பதற்கான காரணங்கள் பதினான்கு வரி வந்தன. சுருக்கமாகச் சொல்வதன் நன்மைகள் இரண்டு ஸ்லைடு நீண்டன. இடம் போதாமல் எழுத்தின் அளவைக் குறைத்தார், பிறகு இன்னும் குறைத்தார். கைகள் பழகிய சுத்தத்தோடு வேலை செய்தன. ஓரங்கள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் நின்றன. புதிய பிரதியை வாங்கிப் புரட்டிய தலைமை எழுத்தர், "இப்பதான் சார் பாக்க கனமா இருக்கு" என்று திருப்தியோடு ஃபைலில் சேர்த்தார்.

குறித்த நாளில் முதல் வரிசையில் குழு உட்கார்ந்தது: முதல்வர், துறைத் தலைவி, வெளியிலிருந்து வந்த நிபுணர். மூவர் மடியிலும் தாள். அவர்களுக்குப் பின்னால் அவருடைய இறுதியாண்டு வகுப்பு, கடைசி பெஞ்சில் மைக். அவர் முதல் ஸ்லைடைப் போட்டு ஆரம்பித்தார். எழுத்து அவ்வளவு பொடியாக இருந்ததால் அவரே திரையை நெருங்கித் திரும்பி நின்றால்தான் படிக்க முடிந்தது. படித்தார்.

தலைமை எழுத்தர் சொன்னது அப்படியே நடந்தது. குழுவில் ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. தாள் புரளும் சத்தம் சீராகக் கேட்டது. ஓரக்கண்ணால் பார்த்தபோது நிபுணர் ஒரு வரியின் கீழ் கோடு போட்டுத் தலையசைத்தார். துறைத் தலைவி முதல்வர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார், அது நல்ல சொல்தான் என்பது முகத்தில் தெரிந்தது. இந்த வேலை கிடைத்துவிடும் என்று அவருக்கு முதல்முறையாகத் தோன்றியது.

அப்போது பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது. திரும்பினார். மைக் கையைத் தூக்கியிருந்தாள்.

அவள் முகத்தில் கேலி இல்லை. சந்தோஷம் இருந்தது. நாடகத்தில் தன் வசனம் வந்துவிட்டது என்று காத்திருந்தவளின் முகம். அவள் பக்கத்தில் ஒரு கை, அதற்குப் பக்கத்தில் இன்னொரு கை என்று கடைசி பெஞ்சு முழுவதும் எழுந்தது. எல்லா முகத்திலும் அதே சிரிப்பு. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. முதல் வகுப்பு விளையாட்டைக் குழுவுக்குக் காட்டத்தான் அவர் இப்படி ஸ்லைடு போட்டிருக்கிறார் என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள். கை எழுந்தால்தானே சார் சிரித்துக்கொண்டு நல்ல ஸ்லைடைப் போடுவார்?

பார்க்காததுபோல் இருந்துவிடலாம் என்று அடுத்த ஸ்லைடைத் தட்டினார். அதுவும் விளிம்பு முதல் விளிம்பு வரை எழுத்து. மைக்கின் சிரிப்பு அங்கேயே நின்றது. அவள் புரிந்துகொண்டாள். ஆனால் கையை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அது அப்படியே மேலே இருந்தது.

நிபுணர் அவர் பார்வை போன பக்கம் திரும்பினார். "என்னம்மா, வெளிய போகணுமா?"

"இல்ல சார். எழுத்து... தெரியல சார்."

"எங்களுக்கு நல்லா தெரியுதே?"

"உங்க கையில பேப்பர் இருக்கு சார்."

நடுவரிசையில் யாரோ சிரித்தார்கள். முதல்வருக்கு முகம் சுருங்கியது. "சரி, சரி. எல்லாரும் கைய கீழ போடுங்க."

மைக் ஆறு வரி சாரையே பார்த்தாள். "சார் தெளிவா சொல்ற வரைக்கும் போடக் கூடாதுன்னு சட்டம் சார்" என்றாள். பாவம், அவளுக்கு மெதுவாகப் பேச வராது. அறை முழுவதும் கேட்டது.

"யாரு போட்ட சட்டம்?"

"சார்தான்."

நிபுணர் தாளைக் கீழே வைத்துவிட்டு அன்று முதன்முதலாகத் திரையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "சட்டம் நீங்க போட்டதா? அப்ப இது யாரு போட்டது?"

'கெட்ட ஸ்லைடு என்ன செய்யும் என்று இப்போது பார்த்தீர்கள் அல்லவா?' என்று அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்தப் பெண் அந்த வாய்ப்பைத் தட்டில் வைத்துத்தான் நீட்டினாள். ஆனால் மூன்று பேர் மடியிலும் மீதி ஸ்லைடுகள் இருந்தன, கடைசிப் பக்கம் வரை ஒரே மாதிரி. அவர் திரையை விட்டு விலகி, முகங்களைப் பார்த்துச் சொந்த வார்த்தையில் பேச வாயைத் திறந்தார். இத்தனை வருஷம் மற்றவர்களிடம் எதைச் செய்யச் சொன்னாரோ அது அன்று அவருக்கு வரவில்லை. இரண்டு வாக்கியம் தடுமாறிச் சொன்னார். மூன்றாவதற்குத் திரும்பித் திரையைப் பார்த்தார்.

வேலை வெளியூர்க்காரருக்குப் போனது. அவருடைய ஸ்லைடுகள் இவற்றைவிட அடர்த்தி. அவருக்கு முன்னால் உட்காரவைத்தது வேறு துறை மாணவர்களை. அவர்களுக்குத் தலையாட்டத் தெரியும், கை தூக்கத் தெரியாது.

இவருக்கு அந்தப் பருவம் முடியும்வரை ஆர்டர் இருந்தது. அடுத்ததற்கு இடமில்லை. மச்சான் இந்தமுறை கேலி செய்யவில்லை. "என் நண்பன் கிடங்குல ஆள் கேட்டான், சொல்லி வைக்கட்டுமா மாப்ளே?" என்று தணிந்த குரலில் கேட்டார். அதற்குப் பழைய கேலியே தேவலை என்று இருந்தது.

மைக் மறுநாளே தாழ்வாரத்தில் வந்து நின்றாள்.

"சார், நான் மொத கிளாஸ் மாதிரின்னு நினைச்சு..."

"தெரியும்."

"அடுத்தது நல்ல ஸ்லைடு வரும்னு..."

"தெரியும்மா. நீ சட்டப்படிதான் செஞ்ச. போ."

வீட்டில் மனைவி, "அந்தப் பொண்ணு மேல உங்களுக்குக் கோபமா?" என்று கேட்டாள். இல்லை என்றார். "வார்த்தை சரியா இருக்கு, குரல் சரியில்லையே" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

பருவக் கடைசியில் மாணவர்கள் தங்கள் ப்ராஜெக்டை எடுத்துச் சொன்னார்கள். அவர் வழக்கம்போல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டார். மைக்கின் ப்ராஜெக்ட் கல்லூரிக் குழாய்களைப் பற்றியது. ஒழுகும் குழாய் ஒவ்வொன்றின் கீழும் வாளி வைத்து அளந்திருந்தாள். ஒரு படம், அதில் ஒரே ஒரு பட்டை மட்டும் அடர்நீலம்: விடுதிக் குளியலறை. கடைசி ஸ்லைடில் நன்றி இல்லை, அருவி இல்லை. "விடுதிக் குழாய்களைச் சரிசெய்தால் லாரித் தண்ணீர் வாங்க வேண்டாம்" என்ற வரி, கேள்விகள் முடியும்வரை நின்றது. அவளைவிடத் தெளிவாக அந்த அறையில் யாரும் எதையும் சொன்னதில்லை. அது அவருக்குத் தெரிந்தது. பேனா கையில் அப்படியே இருந்தது. பிறகு, பறக்கும் எழுத்தும் கேக்கு வட்டமும் போட்ட பையனுக்குக் கொடுத்ததைவிட ஒரு படி குறைவாக அவளுக்கு எழுதினார்.

மதிப்பெண் ஒட்டிய அன்று அவள் வந்தாள். கையில் மடிக்கணினி திறந்தே இருந்தது.

"சார், எந்த ஸ்லைடுல குறைஞ்சுதுன்னு சொன்னீங்கன்னா திருத்திக்குவேன்."

எந்த மாணவன் கேட்டாலும் ஸ்லைடு எண், வரி, எழுத்து வரை தொட்டுக் காட்டக் கூடியவர். குறைத்த ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் காரணம் எழுதாமல் அவர் விட்டதில்லை. அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். அவர் திரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"குறிப்பா எதுவும் இல்ல. மொத்தமா பாத்தா அப்படித்தான்."

"மொத்தமான்னா சார்?"

"அன்னிக்கு நடந்ததுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல" என்றார்.

அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. மடிக்கணினியை மெல்ல மூடினாள். "சரி சார்" என்றாள். இத்தனை சின்னக் குரல் அவளுக்கு உண்டு என்று அவர் அதுவரை அறிந்ததில்லை.

அவள் போன பிறகு தலைமை எழுத்தர் மதிப்பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "சார், எல்லாருக்கும் காரணம் எழுதியிருக்கீங்க, இந்த ஒரு பொண்ணுக்கு விட்டுப்போச்சு. முடிச்சுக் குடுத்தீங்கன்னா மேல அனுப்பிடுவேன்."

தாளை வாங்கினார். மதிப்பெண்ணைத் திருத்தவும் அதில் இடம் இருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு கையெழுத்து போட்டால் போதும். தலைமை எழுத்தர் கதவில் சாய்ந்து நின்று காத்திருந்தார். அவர் பேனாவைத் திறந்து, மற்ற வரிகளோடு ஓரம் பிசகாமல், "தெளிவு போதாது" என்று எழுதினார்.

தலைமை எழுத்தர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "உங்க எழுத்து மட்டும் எப்பவும் அச்சு மாதிரி சார்" என்று சொல்லி, மற்றத் தாள்களோடு சேர்த்துக் குத்திக்கொண்டு போனார்.